குவாண்டம் கணினித் துறையில் கணிதம் படித்தவர்களுக்கு உண்மையில் என்ன வேலை?

கணிதத்தில் முதுகலை முடிக்கப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "குவாண்டம் கணினி பற்றி வரும் செய்திகளில் இயற்பியலாளர்களும் பொறியாளர்களும்தான் பேசப்படுகிறார்கள். கணிதவியலாளர்கள் இதில் சொந்தமாக ஏதாவது செய்திருக்கிறார்களா, அல்லது மற்றவர்கள் கண்டுபிடித்ததற்கு நிரூபணம் எழுதிக் கொடுத்ததோடு சரியா? இயற்பியல் படிக்காத நான் உள்ளே வர முடியுமா?" கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்தத் துறையில் கணிதம் முன்னால் நடக்கிறதா, பின்னால் வருகிறதா? நான் ஃபங்ஷனல் அனாலிசிஸ் படித்து, பிறகு பல ஆண்டுகளாகக் குவாண்டம் சேனல்களின் (ஒரு குவாண்டம் நிலையை இன்னொன்றாக மாற்றும் செயல்களின்) கணிதத்தில் வேலை செய்பவன். ஆய்வகப் பக்கம் எனக்குக் கேள்வி ஞானம்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

என் பதில் இது. கணிதவியலாளர்கள் இந்தத் துறைக்குச் செய்த பெரிய காரியம், குவாண்டம் கருவிகளால் எது முடியும், எது எந்தக் காலத்திலும் முடியாது என்ற எல்லையைப் போட்டதுதான். அந்த எல்லைக்கோடுகளில் முக்கியமான பல, கருவி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லாத காலத்தில் போடப்பட்டவை. அவற்றுக்குத் தேவைப்பட்ட கணிதத்தில் பாதி, குவாண்டத் தகவல் என்ற நினைப்பே இல்லாமல் செய்யப்பட்டது.

தொடக்கத்தை எல்லோரும் ஜான் வான் நியூமனிடமிருந்து சொல்வார்கள், அது சரிதான். 1927-இல் அவர் குவாண்டம் நிலைக்கு ஒரு என்ட்ரோபியை, அதாவது நிச்சயமின்மையின் அளவை, வரையறுத்தார்; கிளாட் ஷானன் தகவலுக்கு என்ட்ரோபி எழுதிய 1948-க்கு 21 ஆண்டுகள் முன்பு. 1932-இல் வந்த அவருடைய நூல் குவாண்டம் இயக்கவியலை ஹில்பர்ட் வெளியின் மீது உட்கார வைத்தது. ஒரு குவாண்டம் அமைப்பின் நிலை என்பது ஓர் அணி. அதன் ஐகன் மதிப்புகள் எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது, எல்லாம் சேர்ந்து 1 வரவேண்டும். அவ்வளவுதான் வரையறை. இது வெறும் எழுத்து வசதி என்று தோன்றலாம். ஆனால் இப்படி எழுதியவுடனே ஒரு கேள்வி தானாக எழுகிறது: ஒரு நிலையை இன்னொரு நிலையாக மாற்றும் செயல்களில் இயற்கை அனுமதிப்பவை எவை? இதற்கு விடை தேட ஆய்வகம் வேண்டியதில்லை.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கவேண்டும். கணிதம் படித்தவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. ஓர் அணியின் நிரைகளை நிரல்களாக மாற்றும் செயலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐகன் மதிப்புகள் மாறாது, எனவே நிலை நிலையாகவே இருக்கும். அனுமதிக்கப்பட்ட செயல் போலத்தான் தெரிகிறது. இப்போது குவாண்டம் பின்னலில் (entanglement: ஒவ்வொன்றையும் தனியாக விவரிக்க முடியாதபடி இணைந்திருக்கும் நிலை) இருக்கும் இரண்டு கியூபிட்களை (குவாண்டம் கணினியின் பிட்) எடுப்போம். அந்த நிலையின் 4×4 அணியில் நான்கு மூலைகளிலும் ½ இருக்கும், மற்ற இடமெல்லாம் 0. இரண்டாவது கியூபிட்டின் மீது மட்டும் அந்த நிரை-நிரல் மாற்றத்தைச் செய்தால், வலது மேல் மூலையிலும் இடது கீழ் மூலையிலும் இருந்த ½-கள் நடுப்பகுதிக்கு நகர்ந்துவிடும். புதிய அணியின் ஐகன் மதிப்புகளைக் கணக்கிடுங்கள்: ½, ½, ½, −½. நிகழ்தகவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குறை எண் வந்து நிற்கிறது. தனியாக நின்றபோது குற்றமே இல்லாத ஒரு செயல், பின்னலின் ஒரு பாதியைத் தொட்டவுடன் அபத்தமாகிவிட்டது. ஆகவே இயற்கை அதை அனுமதிக்காது. அனுமதிக்கப்படும் செயலுக்கு "முழு நேர்மம்" என்ற கூடுதல் பண்பு வேண்டும். 1955-இல் ஸ்டைன்ஸ்பிரிங் ஆபரேட்டர் அல்ஜீப்ராவில் இந்தப் பண்புக்கு ஒரு வடிவத் தேற்றம் கொடுத்தார். 1975-இல் சோய் இன்னும் எளிதாக்கினார்: எவ்வளவு பெரிய துணை அமைப்பைப் பக்கத்தில் வைத்தாலும் செயல் தாங்குமா என்று முடிவில்லாமல் சோதிக்கவேண்டியதில்லை, ஒரே ஒரு அணியை எழுதி அதன் ஐகன் மதிப்புகளைப் பார்த்தால் போதும். இன்று குவாண்டம் சேனல் பற்றிக் கணக்குப் போடும் எவரும் அந்த அணியைத் தினமும் எழுதுகிறார்.

கதை அங்கே நிற்கவில்லை. அபத்தமாகப் போன அதே செயலை 1996-இல் அஷெர் பெரெஸ் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்தினார்: பாதியை மாற்றிப் பார், குறை எண் வந்தால் அங்கே பின்னல் இருக்கிறது. அதே ஆண்டு ஹொரோடெக்கி குடும்பத்தின் மூவர், அப்பாவும் இரண்டு மகன்களும், இரண்டு கியூபிட்களுக்கும், ஒரு கியூபிட்டோடு மூன்று நிலை கொண்ட ஓர் அமைப்பு சேர்ந்ததற்கும் இந்தச் சோதனை ஒரு பின்னலையும் தவறவிடாது என்று காட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்து வைத்த ஆதாரம் ஸ்டோர்மர் 1963-இலும் வோரோனோவிச் 1976-இலும் நேர்ம வரைவுகள் (குறை ஐகன் மதிப்பை உண்டாக்காத செயல்கள்) பற்றி நிரூபித்த தேற்றங்கள். அந்த இருவரும் பின்னலைக் கண்டறியும் சோதனை ஒன்றை உருவாக்கப் புறப்பட்டவர்கள் அல்லர். அதைவிடப் பெரிய பரிமாணங்களில் இந்தச் சோதனை போதாது. அங்கே பொதுவான, விரைவான ஒரு வழி கிடைக்குமா? 2003-இல் லியோனிட் குர்விட்ஸ், பின்னல் இருக்கிறதா என்று முடிவு செய்வதே என்பி-கடினம் (விரைவான பொதுவழி இல்லை என்று பரவலாக நம்பப்படும் வகை) என்று நிரூபித்தார். அந்தச் சோதனையின் குறையை யாரோ சரிசெய்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பைப் பெருமளவு கைவிடச் செய்த தேற்றம் அது. நான் எல்லை என்று சொல்வது இப்படிப்பட்டதைத்தான்.

1973-ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு தூண்கள் நடப்பட்டன. கியூபிட்டின் நிலையை விவரிக்கத் தசமங்கள் முடிவில்லாமல் நீளக்கூடிய எண்கள் தேவை, எனவே ஒரு கியூபிட்டில் எல்லையில்லாத தகவலை ஒளித்து அனுப்பலாம் என்று நினைக்கத் தோன்றும். தனியாக அனுப்பப்படும் ஒரு கியூபிட்டிலிருந்து ஒரு பிட்டுக்கு மேல் வெளியே எடுக்க முடியாது என்று கணிதவியலாளர் அலெக்சாண்டர் ஹொலேவோ நிரூபித்தார். அதே ஆண்டு எலியட் லீப், மேரி பெத் ரஸ்காய் இருவரும் வான் நியூமன் என்ட்ரோபியின் வலுவான துணைக்கூட்டல் பண்பை நிரூபித்தார்கள். மூன்று பகுதிகளாகப் பிரித்த எந்தக் குவாண்டம் அமைப்பிலும் அவற்றின் என்ட்ரோபிகளுக்கு இடையே ஒரு சமனின்மை தப்பாமல் இருக்கும் என்பது அதன் சாரம். எழுதிப் பார்த்தால் ஒரே வரி; நிரூபணத்துக்கு அணிச் சார்புகளின் குவிவுத்தன்மை பற்றி லீப் நிரூபித்த ஆழமான தேற்றம் தேவைப்பட்டது. சேனல் கொள்ளளவு, ரகசியச் சாவிப் பகிர்வு என்று எந்தத் தேற்றத்தைத் தோண்டினாலும் அடியில் இந்தச் சமனின்மை அகப்படும். வெளியுலகம் இவர்களை அதிகம் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

எல்லை போடுவது எவ்வளவு தூரம் இட்டுச்செல்லும் என்பதற்கு இன்னொன்று. பேச்சுத் தொடர்பே இல்லாமல் இரண்டு அறைகளில் இருக்கும் இருவரிடம் நடுவர் ஆளுக்கொரு பிட் கொடுக்கிறார். அவர்கள் ஆளுக்கொரு பிட் திருப்பித் தரவேண்டும். இருவருக்கும் 1 வந்திருந்தால் விடைகள் வேறுபடவேண்டும், மற்றபடி ஒன்றாக இருக்கவேண்டும். எவ்வளவுதான் முன்கூட்டியே திட்டமிட்டாலும் சாதாரண வழியில் 75 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க முடியாது. பின்னலில் இருக்கும் கியூபிட்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனால் சுமார் 85.4 சதவீதம் வரை போகலாம். 1964-இல் ஜான் பெல் தொடங்கி வைத்த சிந்தனையின் விளையாட்டு வடிவம் இது. சரி, ஏன் 85.4-இல் நிற்கிறது, ஏன் 90 இல்லை? 1980-இல் போரிஸ் சிரெல்சன் அந்த உச்சவரம்பை நிரூபித்தார். 85.4-க்குப் பின்னால் இருக்கும் 2√2 என்ற எண் கருவியின் தரத்தால் வருவதில்லை. ஆபரேட்டர்களின் நீளத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு கணக்கிலிருந்து வருகிறது. முதுகலை மாணவர் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

சிரெல்சன் கேட்ட அடுத்த கேள்விதான் சுவாரசியமானது. இருவருடைய கருவிகளையும் தனித்தனி வெளிகளின் டென்சர் பெருக்கமாக எழுதுவதும், ஒரே வெளியில் ஒன்றையொன்று பாதிக்காத, இடம் மாற்றிப் பெருக்கினாலும் விடை மாறாத ஆபரேட்டர்களாக எழுதுவதும் ஒன்றுதானா? முடிவுள்ள பரிமாணத்தில் ஒன்றுதான். முடிவிலியில்? இந்தக் கேள்வி, 1976-இல் அலென் கோன் ஆபரேட்டர் அல்ஜீப்ராவில் எழுப்பிய பதித்தல் பிரச்சினையோடு (முடிவிலிப் பரிமாண அல்ஜீப்ராக்களில் ஒரு வகையை முடிவுள்ள அணிகளால் எப்போதும் நெருங்கமுடியுமா என்ற கேள்வி) பிணைந்தது என்று பின்னாளில் தெரியவந்தது. 2020 ஜனவரியில் ஜி, நடராஜன், விடிக், ரைட், யுயென் ஆகிய ஐவர் "எம்ஐபி ஸ்டார் = ஆர்ஈ" என்ற முடிவை வெளியிட்டார்கள். பின்னலைப் பகிர்ந்துகொண்ட இருவரை விசாரிக்கும் ஒரு நடுவர், கணினியால் தீர்மானிக்கவே முடியாத நிறுத்தப் பிரச்சினையைக்கூட (ஒரு நிரல் எப்போதாவது ஓடி முடியுமா என்ற கேள்வி) சரிபார்க்கலாம் என்பது அது சொல்வது. அதிலிருந்து, இரண்டு எழுத்துமுறைகளும் ஒன்றல்ல, கோன் பிரச்சினைக்கு விடை "இல்லை" என்பது வெளிவருகிறது. ஆபரேட்டர் அல்ஜீப்ராக்காரர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உடைக்க முடியாத பிரச்சினையைக் கணிப்புக் கடினத்தன்மை படித்தவர்கள் உடைத்தார்கள். கணிதம் குவாண்டத்துக்குக் கொடுத்ததைப் பற்றியே நீங்கள் கேட்டீர்கள். கடன் இப்போது இரண்டு பக்கமும் ஓடுகிறது. அந்த நிரூபணம் 200 பக்கங்களுக்கு மேல் போகிறது. ஆபரேட்டர் அல்ஜீப்ராவின் கருவிகளை மட்டும் வைத்துக் குறுகிய நிரூபணம் ஒன்று வரவேண்டும் என்பது என்னைப் போன்ற பலருடைய ஆசை.

ஷோர் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1994-இல் பெரிய எண்ணைக் காரணிப்படுத்தும் குவாண்டம் வழிமுறையைக் கொடுத்த பீட்டர் ஷோர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 15 என்ற எண்ணை வைத்து அதன் எலும்புக்கூட்டைப் பார்க்கலாம். 7-இன் அடுக்குகளை 15-ஆல் வகுத்து மீதி எழுதுங்கள்: 7, 4, 13, 1, மறுபடி 7, 4, 13, 1. நான்குக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. நான்கில் பாதி இரண்டு. 7-இன் இரண்டாம் அடுக்கு விட்ட மீதி 4. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3, ஒன்றைக் கூட்டினால் 5. முடிந்தது. எண்ணின் காரணிகளைத் தேடும் வேலையை இப்படிச் சுழற்சி நீளம் தேடும் வேலையாக மாற்றலாம் என்பது ஷோருக்கு முன்பே எண்கணிதத்தில் தெரிந்ததுதான். எண் பெரிதாகும்போது சுழற்சி பயங்கர நீளமாகும், அதைக் கண்டுபிடிப்பதுதான் முடியாமல் இருந்தது. அந்த ஒரு படியை ஃபூரியே உருமாற்றத்தால் கியூபிட்களில் செய்யலாம் என்று கண்டதில்தான் ஷோரின் மேதைமை இருக்கிறது. அதே ஆண்டு சற்று முன்னதாக டேனியல் சைமன் காட்டிய ஒரு செயற்கையான எடுத்துக்காட்டு அவருக்கு வழிகாட்டியது. குலக் கோட்பாட்டு மொழியில் இதை "மறைந்த உட்குலம்" என்ற பிரச்சினையாக எழுதினால், பரிமாற்றுக் குலங்களுக்கு வேலை செய்கிறது, பரிமாற்றில்லாத பல குலங்களுக்குத் திணறுகிறது. இந்தத் திணறல் ஏன் என்பது குலங்களின் பிரதிநிதித்துவம் படித்தவர்கள் கை வைக்கவேண்டிய இடம்.

ஷோர் வழிமுறை வந்தபோது எழுந்த எதிர்ப்பு நியாயமானது: கியூபிட்டைப் படியெடுக்க முடியாது, அளந்தால் நிலை கலைந்துவிடும், பிறகு பிழையை எப்படித் திருத்துவீர்கள்? 1995-இல் ஷோரே 9 கியூபிட்களில் ஒன்றைப் பாதுகாக்கும் குறிமுறையைக் கொடுத்தார். தனித்தனி மதிப்புகளைக் கேட்காமல், பக்கத்து இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டால் பிழை இருக்கும் இடம் தெரியும், தகவல் கலையாது, அதுதான் சூட்சுமம். அடுத்த ஆண்டு கால்டர்பேங்க், ஷோர், ஸ்டீன் பழைய நேரியல் குறிமுறைகளிலிருந்து குவாண்டம் குறிமுறைகளைக் கட்டும் பொதுவழியைத் தந்தார்கள். 1998-இல் கால்டர்பேங்க், ரெய்ன்ஸ், ஷோர், ஸ்லோன் இந்தப் பிரச்சினையை நான்கு உறுப்புகள் கொண்ட களத்தின் மீதான குறிமுறைகளாக மொழிபெயர்த்தார்கள். அலெக்ஸெய் கிதாயெவ் டோரஸ் (வளைய) வடிவப் பரப்பின் ஓமாலஜியை, அதாவது பரப்பின் துளைகளைக் கணக்கிடும் கணிதத்தை, குறிமுறையாக்கினார். அதன் வழியில் வந்த பரப்புக் குறிமுறையைத்தான் 2024 டிசம்பரில் வெளியான கட்டுரையில் கூகுள் குழு 105 கியூபிட் சில்லில் ஓட்டிக்காட்டியது. குறிமுறையை ஒரு படி பெரிதாக்கும்போதெல்லாம் பிழை வீதம் பாதிக்கும் கீழே போனது. அந்தச் சாதனை பொறியாளர்களுடையது, அதில் பங்கு கேட்பது கணிதக்காரர்களுக்கு அழகல்ல. ஆனால் பரப்புக் குறிமுறை கியூபிட்களை அள்ளி விழுங்கும். அதைவிடச் சிக்கனமான, ஒவ்வொரு சோதனையும் ஒருசில கியூபிட்களை மட்டுமே தொட, அளவு பெருகப் பெருகத் தகவலும் பாதுகாப்பும் அதே விகிதத்தில் சேர்ந்தே பெருகும் குறிமுறைகள் உண்டா என்ற கேள்வி இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. பாவெல் பான்டெலெயெவ், கிளெப் கலாச்சேவ் இருவரும் 2021-இல் "உண்டு" என்று நிரூபித்தார்கள். விரிவாக்க வரைபடங்களும் குலங்களும் ஓமாலஜியும் ஒரே நிரூபணத்தில் சந்திக்கின்றன.

இதுவரை சொன்ன தேற்றங்கள் நிரூபிக்கப்பட்டவை. இனி சொல்வதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குவாண்டம் கணினி சாதாரணக் கணினியைவிட வேகமானது என்பதற்குப் பொதுவான நிரூபணம் கிடையாது. காரணிப்படுத்தல் சாதாரணக் கணினிக்குக் கடினம் என்பதே நம்பிக்கைதான். நாளைக்கு ஒருவர் நல்ல வழிமுறை கொண்டுவந்தால் அதைத் தடுக்க எந்தத் தேற்றமும் இல்லை. நம்பிக்கை உடைவதும் நடக்கிறது. 2018-இல் ஈவின் டாங், பரிந்துரைப் பட்டியல் தயாரிப்பதில் குவாண்டம் வழிமுறை ஒன்றுக்கு இருப்பதாகக் கருதப்பட்ட பெரும் வேக அனுகூலத்தை, சாதாரண வழிமுறையாலேயே ஏறக்குறைய எட்டிக் காட்டினார். குவாண்டம் இயந்திரக் கற்றல் பற்றி வரும் பெரிய வாக்குறுதிகளை நான் அன்றிலிருந்து இரண்டுமுறை படிக்கிறேன். குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் குறியாக்கத்திலும் இதே நிலைதான். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனம் மூன்று தரநிலைகளை வெளியிட்டது. அவற்றில் இரண்டு, லாட்டிஸ் (சீரான புள்ளிக்கட்டம்) பிரச்சினைகளின் கடினத்தை நம்பி நிற்பவை. நன்கு சோதிக்கப்பட்டவை என்றாலும், உடைக்கவே முடியாது என்ற நிரூபணம் அவற்றுக்கு இல்லை. அந்தத் தேர்வின் அடுத்த சுற்றில் இருந்த சைக் என்ற முறையை 2022-இல் கஸ்ட்ரிக், டெக்ரு இருவரும் சாதாரணக் கணினிச் செயலியின் ஒற்றைக் கருவில் (core) சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். அவர்கள் கையில் இருந்த ஆயுதம், நீள்வட்ட வளைவுகள் பற்றி எர்ன்ஸ்ட் கானி 1997-இல் நிரூபித்த தூய கணிதத் தேற்றம். இப்படிப்பட்ட தேற்றம் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரிந்தவர்கள் இந்தத் துறைக்கு வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இவர் கணிதவியலாளர், அவர் இயற்பியலாளர் என்று பெயர் ஒட்டுவது இங்கே பல சமயம் எடுபடாது. கிதாயெவ் இயற்பியல் பின்னணி கொண்டவர். சேனல்களின் என்ட்ரோபி பற்றிய புகழ்பெற்ற கூட்டல் ஊகத்தை (இரண்டு சேனல்களைச் சேர்த்தால் அவற்றின் குறைந்தபட்ச வெளியீட்டு என்ட்ரோபிகள் கூடவே செய்யும் என்ற ஊகம்) 2009-இல் பொய்யாக்கிய மேத்யூ ஹேஸ்டிங்ஸும் இயற்பியலாளர்தான். அவருடைய நிரூபணம் எதிர்மாதிரி இருக்கிறது என்று சொல்கிறது, ஒன்றை எடுத்துக் கையில் தருவதில்லை. பிறகு ஆப்ரன், ஷாரெக், வெர்னர் என்ற மூவர், உயர்பரிமாணக் குவிவு வடிவங்களைப் பற்றிய ட்வொரெட்ஸ்கி தேற்றத்திலிருந்தே அது வந்துவிடுகிறது என்று காட்டினார்கள். முதலில் உடைத்தவர் இயற்பியலாளர், ஏன் உடைந்தது என்று தெளிவாக்கியவர்கள் கணிதவியலாளர்கள். இரண்டும் இல்லாமல் அந்தக் கதை முழுமையாகாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இயற்பியல் பட்டம் இல்லாமல் வரலாம். வரும்போது கையில் இருக்கவேண்டியது முடிவுள்ள பரிமாண நேரியல் இயற்கணிதம், அதுவும் விரல் நுனியில்: டென்சர் பெருக்கம், நிறமாலைத் தேற்றம், ஒற்றை மதிப்புப் பிரிப்பு. அதற்கு மேல் குவிவுக் கணங்கள், நிகழ்தகவு, குலங்களின் பிரதிநிதித்துவம் இவற்றில் ஏதாவது ஒன்றில் ஆழம் இருந்தால் போதும். குவாண்டம் இயக்கவியலில் தொடக்கத்துக்கு வேண்டிய எடுகோள்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஆனால் ஓரிரு ஆண்டுகளுக்குள் ஆய்வகக்காரர்களோடு பேசிப் பழகிக்கொள்ளுங்கள். எந்த வகை இரைச்சல் உண்மையில் கருவியில் வருகிறது என்று தெரியாமல் அழகான தேற்றம் நிரூபித்தால் அதை ஒருவரும் பயன்படுத்தமாட்டார்கள். மீக்கடத்தியா, அயனிப் பொறியா, ஒளியா, எந்த வன்பொருள் ஜெயிக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள், அது என் படிப்புக்கு வெளியே.

தொடங்கிப் பார்க்க ஒரு பிரச்சினை சொல்கிறேன். ஒரு கலப்பெண் வெளியில், ஒன்றுக்கொன்று செங்குத்தான அலகு நீளத் திசையன்களால் ஆன இரண்டு அடுக்களங்களை (basis) எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதன் எந்தத் திசையனுக்கும் இரண்டாவதன் எந்தத் திசையனுக்கும் இடையிலான உட்பெருக்கத்தின் அளவு ஒன்றாகவே இருந்தால் அவை சார்பற்றவை. பரிமாணம் ஒரு பகா எண்ணோ பகா எண்ணின் அடுக்கோ ஆக இருந்தால், அதைவிட ஒன்று கூடுதலான எண்ணிக்கையில் இப்படிப்பட்ட அடுக்களங்கள் கிடைக்கும். முடிவுள்ள களங்களை வைத்துக் கட்டிவிடலாம். 2-க்கு மூன்று, 3-க்கு நான்கு, 4-க்கு ஐந்து, 5-க்கு ஆறு. 6 பகா எண்ணின் அடுக்கு அல்ல. அங்கே மூன்று அடுக்களங்கள் வரை எழுதிக்காட்டியிருக்கிறார்கள். ஏழு இருக்கின்றனவா என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை, மறுக்கப்படவும் இல்லை. முதலில் 2-க்கும் 3-க்கும் நீங்களே கையால் எழுதிப் பாருங்கள். பிறகு 4-இல், முடிவுள்ள களம் எந்தப் படியில் உள்ளே வருகிறது, 6-இல் அதே படி ஏன் நடக்காமல் போகிறது என்று பாருங்கள். அந்த வேலை உங்களுக்குப் பிடித்தால் இந்தத் துறையும் பிடிக்கும்.